சல்வே என்றால் மரியாதையா, விலகலா?

கேள்வி: ஐயா, நான் நலம், நலமறிய ஆவல். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் பல வருடங்களாக இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் இருக்கிறேன். வயதான சின்யோரா ஒருவரைப் பராமரிக்கும் வேலை. நாங்கள் இருக்கிற மாடிக்கட்டடத்தில் ஆட்கள் தங்களுக்குள் 'ச்சாவோ' சொல்லிக்கொள்வார்கள். என்னைக் கண்டால் மட்டும் 'சல்வே' என்பார்கள். இது மரியாதையா, இல்லை என்னைத் தள்ளி நிறுத்துவதா? என் மகன் பள்ளியில் இலத்தீன் படிக்கிறான். சல்வே என்பது கட்டளை, 'சுகமாயிரு' என்று ஏவுவது என்கிறான். ஆங்கில அகராதியில் பார்த்தால் பூசுகிற களிம்பு என்று இருக்கிறது. கோயிலில் 'சல்வே ரெஜினா' பாடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? இன்னொன்று, மகனின் வகுப்பில் ரோமாபுரி நாடகம் போடுகிறார்கள். கிளாடியேட்டர்களாக வந்து கையை உயர்த்தி 'அவே சீசர்' என்று சொல்ல வேண்டுமாம். சல்வே இருக்க அதென்ன அவே? அவனுடைய ஆசிரியைக்கு நான் ஒரு கடிதமும் எழுத வேண்டும். அதை 'சல்வே' என்று தொடங்கலாமா?
பலெர்மோவிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை உறுத்துகிற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கட்டடத்து ஆட்கள் சல்வே சொல்வது உங்களைத் தள்ளி நிறுத்துவதற்காக அல்ல. நம்முடைய நீ, நீங்கள் போல இத்தாலிய மொழியில் து, லேய் என்று இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். ச்சாவோ சொன்னால், இருவரும் து என்று பேசிப் பழகியவர்கள் என்று பொருள். 'நல்ல நாள்' என்கிற புவொன்ஜோர்னோ சொன்னால் பேச்சு பெரும்பாலும் லேய் பக்கம் போகும். தினமும் படிக்கட்டில் பார்க்கிற ஆள், முகம் தெரியும், பெயர் தெரியாது, இவரிடம் எதைச் சொல்வது? இந்தத் தயக்கம் வருகிற இடத்தில்தான் இத்தாலியர்கள் சல்வேயை எடுக்கிறார்கள். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. காலையா மாலையா என்ற கணக்கும் இல்லை.

அவர்கள் தங்களுக்குள் ச்சாவோ சொல்வது, ஒரே கட்டடத்தில் சேர்ந்து வளர்ந்தவர்கள் என்பதால் இருக்கலாம், அல்லது என்றைக்கோ ஒருநாள் 'இனி து என்றே பேசிக்கொள்வோம்' என்று தீர்த்துக்கொண்டிருக்கலாம். புதிதாகக் குடிவந்த இத்தாலியக் குடும்பத்துக்கும், தபால்காரருக்கும், லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவருக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கொஞ்சநாள் கவனித்துப் பாருங்கள். அநேகமாக அங்கேயும் சல்வேதான் காதில் விழும்.

உறுத்த வேண்டியது வேறொன்று. அறிமுகமே இல்லாத ஒருவர், வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் து என்று ஒருமையில் இறங்கி, உங்களிடமிருந்து மட்டும் லேய் எதிர்பார்த்தால் அது மரியாதைக் குறைவுதான். இத்தாலியில் குடியேறிய பலருக்கும் இருக்கிற மனக்குறை இது. அப்படி நடந்தால் நீங்கள் லேய் என்றே நிதானமாகப் பதில் சொல்லுங்கள். புரிந்துகொண்டு திருத்திக்கொள்கிறவர்கள் உண்டு. சல்வே சொல்கிறவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. உங்களை எந்த இடத்தில் வைப்பது என்று அவராகவே முடிவு செய்யாமல், உங்கள் நலத்தை மட்டும் விரும்பிவிட்டுப் போகிறார். அந்தச் சொல் பிறந்ததே அப்படித்தான். அதைத்தான் இந்தப் பதிலில் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அதற்கு முன் நடைமுறை. சல்வேக்குப் பதில் சல்வேதான். பழக்கம் கூடி ச்சாவோவுக்கு மாற வேண்டுமானால், வயதில் மூத்தவர் 'தியாமொச்சி தெல் து' என்று சொல்வது வழக்கம். 'து என்றே பேசிக்கொள்வோம்' என்று அர்த்தம். உங்கள் வயதுக்காரரோ இளையவரோ என்றால் நீங்களே சொல்லலாம், அதில் கூச்சம் வேண்டாம். உங்கள் சின்யோராவிடம் மட்டும் சல்வே வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு அது கொஞ்சம் வறண்டு ஒலிக்கும். 'புவொன்ஜோர்னோ, சின்யோரா' என்பதே நல்லது. அவர் சிசிலியின் கிராமப்புறத்தில் வளர்ந்தவரானால், சின்ன வயதில் பெரியவர்களைப் பார்த்து 'வொஷென்சா பெனெதீக்கா' என்று சொல்வதைக் கேட்டிருப்பார். 'பெருமகனார் ஆசி தர வேண்டும்' என்கிற அந்த வணக்கம் கீழிருந்து மேலே போவது. கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பழங்கதை கிடைக்கலாம்.

ச்சாவோ பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கத்தின் அடையாளமாக நீங்கள் நினைக்கிற அந்தச் சொல் வெனிஸ் நகரத்தில் 'உங்கள் அடிமை' என்று பணிந்து சொன்ன வாசகத்தின் தேய்ந்த வடிவம். அடிமை என்கிற 'ஸ்க்லாவுஸ்' தேய்ந்து தேய்ந்து ச்சாவோ ஆகி, இன்று நண்பர்களின் சொல்லாகிவிட்டது. சல்வேயின் பிறப்பில் அடிமையும் இல்லை, ஆண்டானும் இல்லை.

சரி, இலத்தீனுக்கு வருவோம். உங்கள் மகன் சொன்னது இலக்கணப்படி சரி. 'சல்வேரெ' என்பது நலமாக இருத்தல் என்ற வினை. அதன் ஏவல் வடிவம் சல்வே. ஆனால் ஏவல் வடிவம் என்பதால் கட்டளை ஆகிவிடாது. யாரையும் அதட்டி நலமாக இருக்க வைக்க முடியாதே. இலத்தீனில் ஏவல் வடிவமே வாழ்த்தாகவும் வேண்டுதலாகவும் நிற்கும். தமிழில் இந்த வேலைக்கென்றே வியங்கோள் இருக்கிறது. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 'வாழ்க' அந்த வகை. மகனிடம் 'சல்வே என்பது சுகமாயிரு அல்ல, நலமாக வாழ்க' என்று சொல்லுங்கள். அவனுடைய இலத்தீன் ஆசிரியையும் ஒத்துக்கொள்வார்.

அந்த வினைக்கு அடியில் இருப்பது 'சல்வுஸ்' என்ற சொல். சேதமில்லாத, முழுசாக இருக்கிற, ஆபத்திலிருந்து தப்பிய என்று பொருள். நாம் வடமொழியிலிருந்து எடுத்துப் புழங்குகிற 'சர்வ' என்பதற்கும் இதற்கும் ஒரே வேர். இரண்டிலும் அடிப்படை 'முழுமை'. நலம் என்றால் உடம்பும் உயிரும் குறையில்லாமல் முழுசாக இருப்பது என்று அந்தப் பழைய மக்கள் நினைத்திருக்கிறார்கள். 'சலூஸ்' என்றால் உடல்நலம், பாதுகாப்பு. ரோமில் அந்தப் பெயரில் ஒரு தெய்வத்துக்குக் கோயிலே இருந்தது.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் உங்களைச் சுற்றித் தினமும் இருக்கின்றன. தும்மினால் சொல்கிற 'சலூத்தெ', கடித முடிவில் வருகிற 'சலூத்தி', கம்ப்யூட்டரில் கோப்பைச் சேமிக்க அழுத்துகிற 'சல்வா', படகில் மாட்டிவிடுகிற 'சல்வாஜெந்தெ', ஊர் போய்ப் பத்திரமாகத் திரும்பியவரைப் பற்றிச் சொல்கிற 'சானோ எ சல்வோ', எல்லாம் ஒரே வேர்தான். பலெர்மோவில் தெருவுக்கு நாலு சல்வாத்தோரெ இருப்பார்கள். மீட்பர் என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சுருக்கி சல்வோ என்றும் தொத்தோ என்றும் கூப்பிடுவார்கள். மீன்கடையில் நிற்கிற சல்வோவின் பெயரும் அவர் உங்களுக்குச் சொல்கிற சல்வேயும் உறவு.

தும்மலுக்கு வாழ்த்துவதுகூட ரோமானியப் பழக்கமே. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தன்னுடைய பெரிய நூலில் 'தும்மினால் ஏன் வாழ்த்துகிறோம்?' என்று கேட்டுவிட்டு, மனிதரிலேயே மிகவும் சிடுசிடுப்பானவரான திபேரியுஸ் பேரரசர் வண்டியில் போகும்போதும் அந்த வாழ்த்தைக் கேட்டு வாங்குவாராம் என்று எழுதியிருக்கிறார்.

ஆங்கிலக் களிம்பு தனிக் கதை. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த சொல், கொழுப்பு, நெய் என்ற பொருளுள்ள வேறொரு வேர். நெய்யைக் குறிக்கும் 'சர்ப்பிஸ்' என்ற வடமொழிச் சொல் அதற்குத்தான் உறவு. இலத்தீன் வணக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உச்சரிப்பும் வேறு.

உச்சரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ரோமானிய எழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், தமிழில் நாம் பிரித்து எழுத முடியும். ஒருவரிடம் சொன்னால் சல்வே, கடைசி எழுத்து நெடில். பலரிடம் சொன்னால் சல்வேத்தெ, கடைசி எழுத்து குறில். ஆசிரியை வகுப்பில் நுழைந்ததும் 'சல்வேத்தெ, திஸ்கிபுலி' என்பார். 'மாணவர்களே, நலமாக இருங்கள்' என்று பொருள். மாணவர்கள் திருப்பி 'சல்வே, மகிஸ்த்ரா' என்பார்கள். பண்டைய ரோமானிய உச்சரிப்பில் 'வே' என்பது உதடு குவித்து, நம்முடைய வகரத்துக்கு நெருக்கமாக இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது இயல்பாகவே வரும்.

தமிழ் மாணவர்கள் சறுக்குவது வேறொரு இடத்தில். பெரியவர் ஒருவரைப் பார்த்தால் மரியாதைக்காகப் பன்மைக்குப் போய் சல்வேத்தெ என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அது ரத்தத்தில் ஊறியது, நீ என்று ஆசிரியரைச் சொல்ல நாக்கு எழாது. ஆனால் செம்மைக்கால இலத்தீனில் மரியாதைப் பன்மை கிடையாது. ஒற்றை ஆள் என்றால் சீசராக இருந்தாலும் 'நீ'தான், சல்வேதான். சல்வேத்தெ சொன்னால் பக்கத்தில் இன்னும் யாரோ நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். பேரரசரைப் பன்மையில் அழைக்கிற வழக்கம் பிற்காலத்தில், பேரரசு தளர்ந்த காலத்தில் வந்தது. மகனுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். அப்புறம் ஆண்பெயர் 'உஸ்' என்று முடிந்தால் ('யுஸ்' என்று முடிபவை தவிர) விளிக்கும்போது அது 'எ' ஆகும்: மார்க்குஸ் என்பவரிடம் 'சல்வே, மார்க்கெ'.

இந்த ஒருமைதான் சல்வேயைச் சமமான சொல்லாக்கியது. பிளௌத்துஸ் எழுதிய நகைச்சுவை நாடகங்கள் கி.மு. 200-ஐ ஒட்டியவை, அன்றைய பேச்சுமொழிக்கு அவைதாம் நமக்குக் கிடைத்த நல்ல சாட்சி. அவற்றில் ஒன்றில் தெயோப்ரொப்பிதேஸ் என்ற வணிகர் மூன்று ஆண்டுகள் கழித்து எகிப்திலிருந்து வீடு திரும்புகிறார். வாசலில் அவருடைய அடிமை த்ரானியோ நிற்கிறான். 'எஜமானே, சல்வே, நீங்கள் நலமாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி' என்று வரவேற்கிறான். பிறகு அவன் பேசுவது எல்லாம் புளுகு. வீட்டில் பேய் இருக்கிறது என்று சொல்லி எஜமானரை உள்ளே விடாமல் துரத்துகிறான். அது கிடக்கட்டும். அடிமை சொன்னது அதே சல்வே. எஜமானர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் அதே சல்வே. அடிமைக்கு ஒன்று, ஆண்டானுக்கு ஒன்று என்று இரண்டு வணக்கம் இருக்கவில்லை. பிறர் வீட்டில் வேலை செய்கிற உங்களுக்கு இந்தக் காட்சியை நான் சொல்வதன் காரணம் உங்களுக்குப் புரியும்.

ரோமானியச் சமூகம் சமத்துவமானது என்று நான் சொல்லவரவில்லை. ஏற்றத்தாழ்வு அங்கே கொடூரமாகவே இருந்தது. அது சல்வேக்குள் நுழையவில்லை, அதைச் சுற்றி நின்றது. விடிந்ததும் ஏழைகளும் ஆதரவு தேடுகிறவர்களும் கனமான தோகா அங்கியைச் சுற்றிக்கொண்டு செல்வந்தரின் வீட்டு முன்கூடத்தில் போய் நிற்பார்கள். 'சலுத்தாத்தியோ' என்று அதற்குப் பெயர், காலை வணக்கம். நாளின் முதல் இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது என்று கவிஞர் மர்த்தியாலிஸ் எழுதுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் அப்படி வருகிறவர்களுக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம், நூறு குவாத்ரான்ஸ். குவாத்ரான்ஸ் என்பது மிகச் சிறிய செப்புக்காசு. மர்த்தியாலிஸின் ஒரு கவிதையில், ஒருவர் தன் புரவலரை 'பிரபுவே' என்று சொல்லாமல் தவறிப்போய் வெறும் பெயர் சொல்லி வணங்கிவிடுகிறார். அந்தச் சுதந்திரத்துக்கு விலை என்ன? அன்றைய நூறு குவாத்ரான்ஸ் கிடைக்கவில்லை. சல்வேயில் குறை இருந்ததில்லை, அதற்குப் பின்னால் பிரபுவே என்கிற 'தொமினெ' சேர்த்தாயா என்பதுதான் பிரச்சினை.

உங்கள் கடிதம் 'நான் நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கியது. ரோமானியர்களும் கடிதத்தை இப்படித்தான் தொடங்கினார்கள்: 'நீ நலமாக இருந்தால் நல்லது, நான் நலம்.' எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எழுதிவிடுவார்கள். மெய்யியலாளர் செனெகா தன் நண்பர் லூக்கிலியுஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இந்தப் பழைய வழக்கத்தை அன்போடு நினைவுபடுத்தி, 'மெய்யறிவைத் தேடுகிறாய் என்றால் நல்லது' என்று நாம் எழுதலாம், உண்மையான நலம் அதுவே என்கிறார்.

இனி அவே. ரோமில் இரண்டுமே சந்திக்கும்போது சொன்னவை. தெருவில், வீட்டில், காலையில் புரவலர் வீட்டில் என்று அவேயும் எங்கும் புழங்கியது. பொம்பெயி நகரத்தில் 'ஃபௌனுஸ் இல்லம்' என்று இன்று அழைக்கப்படுகிற பெரிய வீட்டின் வாசல் நடைபாதையில் 'ஹவெ' என்று மொசைக் பதித்திருக்கிறார்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய ஊர், அந்த வரவேற்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. இன்னொரு வீட்டின் தரையில் 'சல்வே, லுக்ரும்' என்று இருக்கிறது, 'இலாபமே, வருக'. நேப்பிள்ஸ் பக்கம் போனால் பொம்பெயியில் மகனோடு ஒரு நாள் செலவழியுங்கள்.

ஹகரம் எங்கிருந்து வந்தது என்று மகன் கேட்பான். சாதாரண மக்கள் ஹவெ என்றுதான் சொன்னார்கள், கடைசி எழுத்தைக் குறுக்கி. இலக்கணம் தெரிந்தவர்கள் ஹகரம் இல்லாமல், கடைசியை நீட்டி 'அவே' என்று சொன்னால் அது அதிகப் படிப்பைக் காட்டிக்கொள்வது என்று குயிந்திலியான் என்ற ஆசிரியர் எழுதியிருக்கிறார். கோயிலில் நாம் முதல் எழுத்தை நீட்டி 'ஆவே' என்கிறோம்.

அந்தச் சொல் இலத்தீனுக்கு வெளியிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பிளௌத்துஸின் ஒரு நாடகத்தில் கார்த்தேஜ்காரர்களின் மொழியில் 'அவோ' என்று வணக்கம் வருகிறது. ஃபினீசியர்களின் கிளைமொழியான அதில் அதற்கு 'வாழ்' என்று பொருள் சொல்கிறார்கள். நீங்கள் இருக்கிற பலெர்மோ ஃபினீசியர்கள் அமைத்த ஊர்தான். கி.மு. 254-இல், கார்த்தேஜோடு நடந்த முதல் பூனிக் போரில் ரோமானியர் கைப்பற்றும்வரை அங்கே அந்த மொழி புழங்கியது. ரோமானியரின் அவே அந்தக் கடலோர வணிகர்களிடமிருந்து வந்திருந்தால், உங்கள் துறைமுகத்தில் அது ரோமானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒலித்திருக்கும்.

பேரரசர் காலத்தில் அவே அதிகாரத்தை நோக்கித் திரும்பியது. கி.மு. 31-இல் ஆக்தியும் கடற்போரில் வென்று அகுஸ்துஸ் திரும்பியபோது ஒருவர் காக்கையைக் கொண்டுவந்து நீட்டினாராம். 'அவே, சீசர், வெற்றித் தளபதியே' என்று அது பேசியது. அகுஸ்துஸ் வியந்து இருபதாயிரம் செஸ்தெர்ஸ் கொடுத்து வாங்கினார். பங்கு கிடைக்காத கூட்டாளி போட்டுக்கொடுத்தான்: இவரிடம் இன்னொரு காக்கை இருக்கிறது, அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவந்தார்கள். 'அவே, வெற்றித் தளபதி அந்தோனியுஸே' என்றது அது. போரில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் விற்பனை நடக்கட்டும் என்று இரண்டையும் பழக்கியிருக்கிறார். அகுஸ்துஸ் கோபப்படவில்லை, பரிசை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். மக்ரோபியுஸ் எழுதிவைத்த கதை இது. இந்தியாவிலிருந்து வருகிற கிளி பேரரசர்களுக்கு வணக்கம் சொல்லும் என்று பிளினியும் எழுதியிருக்கிறார். பறவைக்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு அவே சடங்காகிவிட்டது. வீட்டு மனிதர்களின் வாயில் சல்வே பேச்சாகவே இருந்தது. எனக்கு சல்வேதான் நெருக்கம்.

பிரியும்போது சொல்வது 'வலே', பலரிடம் 'வலேத்தெ'. வலுவோடு இரு என்று பொருள். கத்துல்லுஸ் என்ற கவிஞர் தூரதேசத்தில் இறந்துபோன அண்ணனோ தம்பியோ ஒருவரின் கல்லறைக்குப் பல நாடும் பல கடலும் கடந்து போய், 'என்றென்றைக்கும், சகோதரனே, அவே, வலே' என்று முடிக்கிறார். முதல் வணக்கமும் கடைசி விடையும் ஒரே மூச்சில். வெர்கிலியுஸின் காவியத்தில் நாயகன் ஏனெயஸ் போரில் மாண்ட இளைஞன் பல்லஸின் உடலுக்கு முன்னால் 'என்றைக்கும் சல்வே, என்றைக்கும் வலே' என்கிறான். சல்வே பிரிவிலும் வரும் என்பதற்கு இது சான்று. இன்றைய இத்தாலியில் வலே சொன்னால் யாருக்கும் விளங்காது. வலெந்தீனா என்ற பெண்ணைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார்கள். விடைபெற 'அர்ரிவெதெர்ச்சி' இருக்கிறது.

கோயிலில் பாடுகிற 'சல்வே ரெஜினா' அதே சல்வேதான். 'அரசியே, வாழ்க' என்று பொருள். பதினோராம் நூற்றாண்டுப் பாடல், ரைஹெனாவ் மடத்து ஹெர்மான் இயற்றியதாக மரபு. கொலம்பஸின் மாலுமிகள் 1492 அக்டோபரில் புதிய கரையைக் காண்பதற்கு முந்தின மாலையிலும் வழக்கம்போல அதைப் பாடியதாக அவருடைய பயணக் குறிப்பில் இருக்கிறது. சின்ன வயதில் நீங்கள் ஜெபமாலை முடிவில் சொன்ன 'கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க' என்ற மன்றாட்டு இதன் தமிழ்தான். கபிரியேல் தூதர் சொன்ன 'ஆவே மரியா', பழைய தமிழில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க', இப்போது 'அருள் நிறைந்த மரியே வாழ்க'. இலத்தீனில் ஒன்று சல்வே, ஒன்று அவே. தமிழில் இரண்டுக்கும் வாழ்க. மொழிபெயர்த்தவர்கள் சரியான வியங்கோளைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் வருகிற 'எக்ஸூலெஸ்' என்ற சொல்லையும் மகனைக் கேளுங்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் என்று அர்த்தம். தமிழில் 'பரதேசிகளாய்' என்று சொல்வோமே, அது. நாடு விட்டு வந்தவர்களின் வாயில் அந்த வரி எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாடக விஷயம். இதை ஆசிரியையிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் இரண்டு தவறான நம்பிக்கைகள் அதில் இருக்கின்றன.

முதலாவது, கிளாடியேட்டர்கள் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் அப்படிச் சொன்னார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. அந்த வாசகம் ஒரேயொரு நிகழ்ச்சியோடு சேர்ந்தே கிடைக்கிறது. கி.பி. 52-இல் கிளௌதியுஸ் பேரரசர் ரோமுக்குக் கிழக்கே இருந்த ஃபூக்கினுஸ் ஏரியை வடிப்பதற்குச் சுரங்கக் கால்வாய் வெட்டினார். முப்பதாயிரம் பேர் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவேத்தோனியுஸ். தண்ணீரைத் திறப்பதற்கு முன் அந்த ஏரியிலேயே கப்பற்போர்க் காட்சி ஒன்று நடத்தினார்கள். பத்தொன்பதாயிரம் பேரைப் படகுகளில் ஏற்றியதாகத் தாசித்துஸ் எழுதுகிறார். அவர்கள் கிளாடியேட்டர்கள் அல்ல, மரண தண்டனை பெற்றவர்கள் என்று காஸியுஸ் தியோ சொல்கிறார். அவர்கள் கூவியது: 'அவே, இம்பெராத்தோர், மொரித்தூரி தே சலூத்தந்த்.' பேரரசரே, வாழ்க, சாகப் போகிறவர்கள் உமக்கு வணக்கம் சொல்கிறார்கள். சீசர் என்று இல்லை, இம்பெராத்தோர் என்றுதான் இருக்கிறது. கிளௌதியுஸ் 'அவுத் நோன்' என்று பதில் சொன்னார், 'அல்லது, சாகாமலும் போகலாம்'. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஒருவரும் சண்டையிட மறுத்துவிட்டார்கள். பேரரசர் தன் தள்ளாடும் நடையில் ஏரிக்கரை ஓரமாக ஓடி, மிரட்டியும் கெஞ்சியும் அவர்களைப் போரிட வைத்தாராம்.

மோதிய இரண்டு அணிகளுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று ரோடெஸ் தீவின் கடற்படை, இன்னொன்று சிசிலியின் கடற்படை. பலெர்மோப் பிள்ளைகள் கிளாடியேட்டர் வேடத்தை விட்டுவிட்டு இந்தக் காட்சியை நடித்தால், தங்கள் தீவின் பெயரிலேயே நிற்கலாம். நாடகத்துக்கு வேண்டிய சிரிப்பும் திகிலும் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது நம்பிக்கைதான் கவலைக்குரியது. கையை நேராக முன்னால் உயர்த்தி வணங்குவதை இத்தாலியில் 'ரோமானிய வணக்கம்' என்பார்கள். பண்டைய ரோமானியர் அப்படி வணங்கினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. சந்தித்தால் வலக்கையைப் பற்றிக்கொள்வார்கள், நெருங்கியவர்கள் முத்தமிடுவார்கள். கையை உயர்த்தி நிற்கிற பேரரசர் சிலைகள் கூட்டத்தில் உரையாற்றுவதைக் காட்டுபவை. நீட்டிய கைகளோடு சபதம் எடுக்கிற காட்சியை 1784-இல் தாவீத் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம் பரப்பியது. பின்னால் நாடகமும் திரைப்படமும் அதைப் பிடித்துக்கொண்டன. முசோலினி ஆட்சி அதையே அரசு வணக்கமாக்கியது. இன்று அது ஃபாசிஸத்தின் அடையாளம். 1952-ஆம் ஆண்டின் ஷெல்பா சட்டமும் 1993-ஆம் ஆண்டின் மன்ச்சீனோ சட்டமும் அப்படிப்பட்ட செயல்களைக் குறித்தவை. சூழலைப் பார்த்தே நீதிமன்றங்கள் முடிவெடுக்கின்றன. பள்ளி நாடகத்துக்காக வழக்கு வரும் என்று உங்களைப் பயமுறுத்தவில்லை. ஆனால் மேடையில் எடுத்த ஒரு படம், நாடகம் என்ற விளக்கம் இல்லாமல், யாருடைய செல்போனிலிருந்தும் எங்கும் போகும். அதில் உங்கள் பிள்ளையின் முகம் இருக்க வேண்டாம். வேறு எந்தப் பிள்ளையின் முகமும் இருக்க வேண்டாம். அது ரோமானியப் பழக்கமே அல்ல என்பதால், விட்டுவிடுவதில் நாடகத்துக்கு நஷ்டமும் இல்லை. வலக்கையில் துடுப்பையோ ஈட்டியையோ கொடுத்துவிட்டால் கை தானாகவே கீழே இருக்கும்.

ஆசிரியைக்கு எழுதும்போது சல்வே என்று தொடங்காதீர்கள். படிக்கட்டில் பொருந்துகிற சொல் கடிதத்தில் அலட்சியமாகத் தெரியும். மாணவர்களின் மின்னஞ்சல்கள் சல்வே என்று ஆரம்பிக்கின்றன என்று வருத்தப்படுகிற பேராசிரியர்கள் இத்தாலியில் நிறைய. 'மதிப்புக்குரிய ஆசிரியை' என்கிற 'ஜென்தீலே ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா' என்று எழுதி, பக்கத்தில் அவருடைய குடும்பப் பெயரைச் சேருங்கள். முழுக்க லேய் வடிவத்தில் எழுதுங்கள், கடைசியில் 'கொர்தியாலி சலூத்தி'. கை உயர்த்துவது பற்றிய வரியைக் குற்றச்சாட்டாக இல்லாமல், 'இது ரோமானிய வழக்கம் அல்ல என்று அறிகிறேன், உங்கள் கருத்து என்ன?' என்று கேள்வியாக எழுதினால் போதும்.